பிடியாணை உண்டா, இல்லையா? நீதிமன்றப் பதிவேடுகளும் கரையோர மக்களும்

தமது பெயரில் நீதிமன்றமொன்று பிடியாணை பிறப்பித்திருக்கின்றதா என்பதை ஒரு பிரஜை எவ்வாறு அறிந்துகொள்வது? மிக எளிமையான இக்கேள்விக்கு நமது நாட்டில் எளிமையான விடை கிடையாது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் கரையோரப் பட்டினங்களில் இக்கேள்விக்கான விடையைப் பலர் அறிந்துகொள்ளும் இடங்கள் இரண்டு. ஒன்று, வீதிச் சோதனையில் அடையாள அட்டையைக் கையில் வாங்கும் பொலிஸ் உத்தியோகத்தரின் முகம். மற்றையது, கட்டுநாயக்க விமான நிலையத்தின் குடியகல்வுக் கருமபீடம். இரண்டுமே அறிந்துகொள்வதற்கு மிகவும் பிந்திய இடங்களாகும்.

அமெரிக்காவின் பல மாவட்டங்களில் நிலுவையிலுள்ள பிடியாணைகளை அங்குள்ள ஷெரிப் அலுவலகங்களின் இணையத்தளங்களில் பெயரைக் கொண்டு எவரும் தேடலாம். இந்தியாவில் மின்நீதிமன்றத் திட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்ற வழக்குகளைக் கட்சிக்காரரின் பெயரால் தேட முடிகிறது. இலங்கையில் பொதுமக்கள் பெயரை இட்டுத் தேடக்கூடிய பிடியாணைப் பட்டியல் எதுவும் இல்லை. நீதவான் நீதிமன்றப் பதிவறையின் கோவைகளும் பொலிஸ் நிலையத்தின் பதிவேடுகளுமே இங்கு பிடியாணையின் இருப்பிடங்கள்.

இதிலுள்ள முரண்பாடு கவனிக்கத்தக்கது. நீதிமன்ற அமர்வுகள் பகிரங்கமாக நடைபெற வேண்டும் என்பது அரசியலமைப்பின் 106ஆவது உறுப்புரை. அழைப்பாணை கிடைத்தும் சமுகமளிக்காத எதிரிக்கு நீதவான் பிடியாணை பிறப்பிக்கும்போது மன்றில் அமர்ந்திருக்கும் எவரும் அதனைச் செவிமடுக்கலாம். திறந்த மன்றில் உரத்து வாசிக்கப்பட்ட கட்டளை மறுநாளே வழக்கிலக்கம் தெரியாதவருக்கு மறைபொருளாகி விடுகின்றது. சட்டம் அதை இரகசியமாக்கவில்லை. தேடும் வழி இல்லாமையே அதை இரகசியமாக்கியுள்ளது.

முதலில் பிடியாணையின் தன்மையை நோக்குவோம். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவைச் சட்டத்தின்படி, நீதிமன்றம் விடுக்கும் பிடியாணை எழுத்தில் இருத்தல் வேண்டும். நீதவானின் கையொப்பத்தைக் கொண்டிருத்தல் வேண்டும். அது நிறைவேற்றப்படும் வரை, அல்லது விடுத்த நீதிமன்றமே அதனை இரத்துச் செய்யும் வரை வலுவிலிருக்கும். காலாவதித் திகதி என்று ஒன்று அதற்கு இல்லை. பத்து வருடங்களுக்கு முன்னர் மட்டக்களப்பிலோ கொழும்பிலோ விடுக்கப்பட்ட பிடியாணை இன்று கல்முனையில் நிறைவேற்றப்படலாம். இலங்கையின் எப்பாகத்திலும் அது செல்லுபடியாகும்.

பிடியாணை என்றதும் ஊரில் பலருக்கும் பாரிய குற்றங்களே நினைவுக்கு வருகின்றன. நடைமுறை வேறு. ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். அவர் மோட்டார் சைக்கிளில் செல்கையில் தலைக்கவசம் அணியாமைக்காகத் தண்டப் பத்திரம் பெறுகிறார். குறித்த நாட்களுக்குள் தண்டம் செலுத்த மறந்து விடுகிறார். வழக்குத் தாக்கல் செய்யப்பட்டு, சாரதி அனுமதிப்பத்திரத்திலுள்ள முகவரிக்கு அழைப்பாணை அனுப்பப்படுகிறது. அம்முகவரியிலோ இப்போது வீடே இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் திகதிய கடற்கோளில் நாட்டிலேயே அதிக உயிரிழப்பைக் கண்டது அம்பாறை மாவட்டம். கடலோரத் தெருக்கள் இருந்த இடம் தெரியாமற் போயின. மக்கள் புதிய குடியேற்றங்களுக்குப் பெயர்ந்தனர். ஆவணங்களில் பழைய முகவரியை வைத்துக்கொண்டு புதிய இடத்தில் வாழ்வோர் இன்றும் இருக்கிறார்கள். இவருக்கும் அழைப்பாணை கிட்டவில்லை. இதற்கிடையே அவர் கத்தாருக்குத் தொழிலுக்குச் சென்று விடுகிறார். தவணைகள் கடக்கின்றன. ஈற்றில், தேடிக் கண்டுபிடிக்க முடியாதவர் எனக் கொள்ளப்பட்டு, திகதி குறிப்பிடாத திறந்த பிடியாணை பிறப்பிக்கப்படுகிறது. இரண்டாண்டு கழித்து விடுமுறையில் திரும்பும் அவர் தாம் தேடப்படுபவர் என்பதைக் கைதாகும் நிமிடத்திலேயே அறிகின்றார்.

இன்னொரு வகை நமது சமூகத்துக்கே உரியது. காதி நீதிமன்றம் விதிக்கும் தாபரிப்புத் தொகையைக் கணவர் செலுத்தத் தவறினால், காதி நீதிபதி தாமாக அவரைச் சிறைக்கு அனுப்ப இயலாது. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ் அந்நிலுவை நீதவான் நீதிமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கு தண்டப்பணத்தைப் போன்று அறவிடப்படும். நீதவானின் அழைப்பை அலட்சியம் செய்பவருக்குப் பிடியாணை செல்கின்றது. "காதியார் வழக்குத்தானே, பள்ளிவாசலில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிடும் பலருக்கு, அவ்விடயம் எப்போதோ குற்றவியல் நியாயாதிக்கத்துக்குள் சென்றுவிட்டது தெரிவதில்லை.

இங்கு மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். பிடியாணையைத் தேடுபவர் எப்போதும் எதிரியாகவே இருப்பதில்லை. தாபரிப்புக்காக மாதக்கணக்கில் அலையும் மனைவிக்கும் அதே பதிவேடு தேவைப்படுகிறது. பிடியாணை பிறப்பிக்கப்பட்டதா, எந்தப் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பப்பட்டது, நிறைவேற்றப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டதா, அதற்கு என்ன காரணம் எழுதப்பட்டது என்பவை அவர் அறிய வேண்டியவை. "ஆளைக் காணவில்லை" என்று குறிப்பெழுதப்பட்ட மனிதர் மறு தெருவில் கடை நடத்திக்கொண்டிருப்பதும் உண்டு. பதிவேடு கண்ணுக்குத் தெரியாதவரை அக்குறிப்பை எவராலும் மறுத்துரைக்க இயலாது.

இனி, தேடும் வழிகளுக்கு வருவோம். முதல் வழி நீதிமன்றப் பதிவாளர் அலுவலகம். கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, பொத்துவில் ஆகிய இடங்களில் நீதவான் நீதிமன்றங்கள் உள்ளன. சந்தேகத்துக்குரிய சம்பவம் எந்தப் பொலிஸ் பிரிவில் நடந்தது என்பதைக் கொண்டு எந்த நீதிமன்றம் என்பதைக் கணிக்கலாம். வழக்கிலக்கம் கையிலிருந்தால் பணி இலகு. கோவையை எடுத்து, வழக்கேட்டில் கடைசித் தவணையன்று எழுதப்பட்ட கட்டளையைப் பார்த்தால் போதும். இலக்கம் இல்லையேல், முறைப்பாட்டைப் பதிந்த பொலிஸ் நிலையம், சம்பவத் திகதி, பொலிஸார் மன்றுக்குச் சமர்ப்பித்த பி அறிக்கையின் இலக்கம் ஆகியவற்றில் ஏதேனுமொன்று வேண்டும். பதிவேடுகள் இலக்க வரிசையிலும் ஆண்டு வரிசையிலும் பேணப்படுபவை. பெயர் வரிசையில் தேடித் தருமாறு கேட்டால் பதிவறை எழுதுவினைஞர் சலித்துக்கொள்வதில் நியாயம் உண்டு. அவருக்கு முன்னே அடுக்கி வைக்கப்பட்டிருப்பவை ஆயிரக்கணக்கான கோவைகள்.

இவ்வேலையைச் சட்டத்தரணி ஒருவர் மூலம் செய்வதே உசிதம். சட்டத்தரணி கோவையைப் பரிசீலித்து, பிடியாணை இருப்பின் நகர்த்தல் பத்திரம் மூலம் வழக்கை முன்கூட்டி அழைக்கச் செய்து, கட்சிக்காரரைத் தாமாகவே மன்றில் ஆஜராக்கி, அதனை மீளப்பெறுமாறு கோரலாம். பொலிஸாரால் பிடித்து வரப்பட்டவருக்கும் தாமாக வந்து சரணடைந்தவருக்கும் இடையிலான வேறுபாட்டை நீதவான்கள் கவனத்திற் கொள்கின்றனர். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டம், பிணை வழங்குவதே விதி, மறுப்பது விலக்கு என்ற அடிப்படையில் அமைந்தது. எனினும் முன்னர் பிணையிற் சென்று தவணைக்கு வராதவர் அவ்விலக்கிற்குள் விழும் அபாயம் உண்டு. கட்டணம் செலுத்த வசதியற்றோர் 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

பிணையாளியாகக் கையொப்பமிட்டவர்களும் இத்தேடலில் அடங்குவர். உறவினர் என்றும் அயலவர் என்றும் முகத்துக்காகக் கையொப்பமிட்டு விட்டு மறந்து விடுகின்றோம். எதிரி தலைமறைவானால் பிணையாளிக்கு அறிவித்தல் வரும். அதையும் பொருட்படுத்தாவிடின் அவர் பெயரிலும் ஆணை பிறக்கலாம்.

இரண்டாவது வழி பொலிஸ் நிலையம். பிடியாணைகள் நிறைவேற்றலுக்காக அங்குதான் செல்கின்றன. ஆனால் நேரிற் சென்று "என் பெயரில் பிடியாணை உண்டா?" என்று கேட்பவர், உண்டு என்றால் அங்கேயே கைதாவார். இதில் பொலிஸாரைக் குறை கூறுவதற்கில்லை, அது அவர்களது கடமை. ஆகவே சட்டத்தரணியை முன்னிறுத்துவது நல்லது. பொலிஸ் நிலையத்தில் கட்சிக்காரர் சார்பில் சட்டத்தரணி சமுகமளிக்கும் உரிமையை 2012ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட விதிகள் அங்கீகரிக்கின்றன. வெளிநாட்டு வேலைவாய்ப்புக்காகப் பெறப்படும் பொலிஸ் நற்சான்றிதழைப் பலரும் ஒரு தேடலாகக் கருதுகின்றனர். அது பொலிஸ் பதிவுகளின் அடிப்படையில் வழங்கப்படுவது. தூரத்து நீதிமன்றமொன்றின் பிடியாணை அப்பதிவுகளைச் சென்றடையாதிருக்கவும் கூடும். சான்றிதழ் கையிலிருக்கிறது என்பது பிடியாணை இல்லை என்பதற்கு உத்தரவாதமாகாது.

மூன்றாவது வழி நம்மவர் மிகக் குறைவாகப் பயன்படுத்துவது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. பொலிஸ் திணைக்களம் அதன் கீழ் ஒரு பகிரங்க அதிகாரசபை. நீதிமன்றங்களும் அச்சட்டத்தின் வரைவிலக்கணத்தினுள் அடங்குகின்றன. விண்ணப்பத்தைத் தமிழில் எழுதலாம். காரணம் கூறத் தேவையில்லை. விண்ணப்பிக்கக் கட்டணமுமில்லை. எழுத இயலாதவர் வாய்மொழியாகக் கூறினால் தகவல் அலுவலரே அதை எழுத்தில் பதிய வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்படல் வேண்டும். கோரப்படும் தகவல் ஒருவரின் உயிருடன் அல்லது தனிமனித சுதந்திரத்துடன் தொடர்புடையதாயின் 48 மணித்தியாலத்துக்குள் பதிலளிக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கின்றது. ஒருவரைக் கைது செய்யும் கட்டளை அவரது சுதந்திரத்துடன் தொடர்புடையது அல்ல என்று எவரும் வாதிட முடியாதென்பது நமது கருத்து.

அச்சட்டம் அகலத் திறந்த கதவு அன்று. குற்றத்தைத் தடுப்பதற்கோ கண்டுபிடிப்பதற்கோ, குற்றவாளிகளைக் கைது செய்வதற்கோ பாரதூரமான பாதிப்பை ஏற்படுத்தும் தகவலை மறுக்க 5ஆவது பிரிவு இடமளிக்கின்றது. பொலிஸார் அதனையே சுட்டிக்காட்டக் கூடும். மறுப்பு வந்தால் 14 நாட்களுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அதன் பின்னர் இரு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். போதைப்பொருள் கடத்தல்காரருக்கு முன்னறிவித்தல் கொடுக்குமாறு எவரும் கேட்கவில்லை. ஆனால், தண்டப் பத்திரம் செலுத்தாதவரின் பெயரை அவரிடமிருந்தே மறைப்பதால் எந்தக் குற்றம் தடுக்கப்படுகின்றது? ஒரே பிரிவைக் கொண்டு இரு விடயங்களையும் மூடுவது பொருத்தமற்றது.

இத்தேடலின் மிகக் கடினமான பகுதிக்கு இப்போது வருகின்றோம். அது பெயர். கரையோர முஸ்லிம் பட்டினங்களில் பெயர்கள் குறைவு, மனிதர்கள் அதிகம். ஆதம்பாவா, ஆதம்லெப்பை, இஸ்மாலெப்பை, மீராசாஹிப் என்ற தந்தையர் பெயர்கள் ஓரிரு ஆங்கில எழுத்துகளாகச் சுருங்கி முன்னே நிற்க, பின்னே பாதிப் பேருக்கு முகம்மது. அந்த முகம்மது என்ற பெயரே தமிழில் முஹம்மது, முஹம்மத், முகமது எனவும், ஆங்கிலத்தில் அதைவிடப் பல வடிவங்களிலும் எழுதப்படுகின்றது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் இன்னொன்று, கடவுச்சீட்டில் மூன்றாவது. லெப்பை சில ஆவணங்களில் லெவ்வையாகின்றார். வட, கிழக்கில் நீதிமன்றப் பதிவேடு தமிழில் பேணப்படுகிறது. ஆனால் கொழும்பிலோ கண்டியிலோ பதியப்பட்ட வழக்கில் பெயர் சிங்களத்தில் ஏறுகின்றது. ஒருவர் வாய்மொழியாகச் சொன்ன பெயரைச் சிங்களத்தில் எழுதி, அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றினால், பிறந்தபோது வைத்த பெயரில் எஞ்சுவது சொற்பமே. காரைதீவு, பாண்டிருப்பு, திருக்கோவில் தமிழ்ச் சகோதரர்களின் நிலையும் இதுவே. தந்தை பெயரின் ஓரெழுத்தும், ஊரில் பத்துப் பேருக்குள்ள பெயரும் சேர்ந்ததுதான் அவர்களது அடையாளம்.

இதனால் இரு தீங்குகள் விளைகின்றன. தேடுபவர் தமது பெயரைக் கண்டுபிடிக்க இயலாமற் போகிறது. அதைவிட மோசமானது, வேறொருவருக்குரிய பிடியாணை இவரைத் தேடி வருவது. அடையாள அட்டை இலக்கம் குறிப்பிடப்படாத பிடியாணையில் பெயரும் ஊரும் மட்டுமே இருக்கும். அப்படியாகத் தவறாகப் பிடிக்கப்படுபவர் என்ன செய்யலாம்? பிடியாணையின் சாராம்சத்தைத் தமக்குத் தெரிவிக்குமாறும், அதனை அல்லது கையொப்பமிட்ட அதன் பிரதியைக் காட்டுமாறும் கேட்கும் உரிமை சட்டக்கோவையின்படி அவருக்கு உண்டு. தந்தையின் பெயர், முகவரி, வழக்கிலக்கம், நீதிமன்றத்தின் பெயர் ஆகிய நான்கையும் அவ்விடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். வீட்டாருக்கு அந்நான்கும் தெரிந்தால் சட்டத்தரணி அரைநாளில் கோவையை எடுத்து விடுவார். தெரியாவிடின் உறவினர் நிலையம் நிலையமாக அலைவர்.

பிடியாணையின்றிக் கைது செய்யப்பட்டாலும் உரிமைகள் அற்றுப்போவதில்லை. கைதுக்கான காரணம் அறிவிக்கப்பட வேண்டும் என்பது அரசியலமைப்பின் 13(1) உறுப்புரை. சாதாரண சட்டத்தின் கீழ் பிரயாண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்தப்பட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பிடித்தால் திங்கள் வரை வைத்திருக்கலாம் என்று ஊரில் நிலவும் நம்பிக்கை தவறானது. விடுமுறை நாட்களில் நீதவானின் வாசஸ்தலத்தில் ஆஜராக்கப்படுவது நீண்டகால வழக்கம். உரிமை மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுத் தாக்கல் செய்யலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையிலேயே உண்டு.

தேடுதல் ஆணை இதனின்றும் வேறுபட்டது. வீட்டைச் சோதனையிட நீதவான் வழங்கும் அவ்வாணையை முன்கூட்டியே பகிரங்கப்படுத்தினால் அதன் நோக்கமே கெடும். ஆகவே சோதனைக்கு முன்னர் அதனைத் தேடுவது பயனற்றது. எந்நாட்டிலும் அது இரகசியமே. சோதனையின் பின்னர் நிலைமை மாறுகின்றது. எந்தத் தகவலின் பேரில் ஆணை கோரப்பட்டது, என்ன பொருட்கள் கைப்பற்றப்பட்டதாக மன்றுக்கு அறிக்கையிடப்பட்டது என்பவை கோவையில் இருக்கும். அவற்றைப் பார்வையிட்டு, சான்றுப்படுத்தப்பட்ட பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். வாசலுக்கு வரும் அதிகாரியிடம் ஆணையைக் காட்டுமாறு கேட்பதும், எடுத்துச் செல்லப்படும் பொருட்களுக்கு எழுத்திலான பட்டியல் கோருவதும் எதிர்ப்பு ஆகாது. பெண்ணொருவரைச் சோதனையிட வேண்டுமாயின் இன்னொரு பெண்ணே, கண்ணியத்துக்கு ஊறின்றி அதனைச் செய்ய வேண்டுமென்பது சட்டம்.

ஆனால் இக்கரையோரத்தின் மிகப் பெரிய தேடுதல்களுக்கு எந்தக் கோவையிலும் ஆணை கிடையாது. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து, 26ஆம் திகதி சாய்ந்தமருதில் வீடொன்றைப் படையினர் சுற்றிவளைத்தபோது இடம்பெற்ற மோதலிலும் வெடிப்புகளிலும் சிறுவர்கள் உட்பட 15 பேரின் சடலங்கள் மீட்கப்பட்டன. அதன் பின்னர் முஸ்லிம் ஊர்களில் வீடு வீடாகத் தேடுதல் நடைபெற்றது. அவ்வாண்டு ஓகஸ்ட் வரை அவசரகால ஒழுங்குவிதிகள் நடைமுறையிலிருந்தன. அவை நீங்கிய பின்னரும் பயங்கரவாதத் தடைச் சட்டம் எஞ்சியது. 1979இல் தற்காலிக ஏற்பாடாகக் கொண்டுவரப்பட்ட அச்சட்டத்தின் 6ஆவது பிரிவு, பிடியாணையின்றிக் கைது செய்யவும் ஆணையின்றி வீட்டினுள் நுழைந்து தேடவும் அதிகாரம் அளித்தது. நீதவான் முன் நிறுத்துவதற்கான காலம் 24 மணித்தியாலத்திலிருந்து 72 மணித்தியாலமாகியது. அமைச்சரின் தடுப்புக்காவல் கட்டளை இருப்பின் அதுவும் நீண்டது. அக்கட்டளையின் உச்சகாலமான 18 மாதங்கள் 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் 12 மாதங்களாகக் குறைக்கப்பட்டது.

தமிழ்ச் சமூகம் இவ்வனுபவத்தைப் பல தசாப்தங்களுக்கு முன்னரே பெற்றிருந்தது. கைது செய்யப்பட்டமைக்கு எழுத்தில் எதுவுமில்லாமல், பிள்ளையைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய்மார் இம்மாவட்டத்தின் தமிழ்க் கிராமங்களில் இன்னும் வாழ்கின்றனர். 2019க்குப் பின்னர் முஸ்லிம் குடும்பங்கள் அதே வரிசையில் நின்றன. சட்டத்தரணி ஹிஜாஸ் ஹிஸ்புல்லாஹ் 2020 ஏப்ரலில் கைதாகி 2022 பெப்ரவரியிலேயே பிணை பெற்றார். "நவரசம்" என்ற கவிதைத் தொகுதிக்காக 2020 மே மாதம் கைதான இளங்கவிஞர் அஹ்னாப் ஜஸீம் 2021 டிசம்பரில் பிணையில் வந்து, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். தமிழில் எழுதப்பட்ட கவிதைகளைத் தமிழறியாதோர் குற்றச்சான்றாக வாசித்த விந்தையை இங்கு விரித்துரைக்க இடமில்லை.

இவ்வகைக் கைதுகளில் தேடவேண்டிய ஆவணம் வேறு. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதோ தடுத்துவைப்போ நிகழுமாயின், 48 மணித்தியாலத்துக்குள் அதனை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் விதித்தது. ஆகவே உறவினர் முதலில் செல்லவேண்டிய இடம் நீதிமன்றப் பதிவறை அன்று, ஆணைக்குழுவின் அலுவலகமே. அங்கு அறிவித்தல் வந்திருப்பின் அதுவே அம்மனிதர் உயிருடன் காவலில் உள்ளார் என்பதற்கான முதல் எழுத்துச் சான்று. வரவில்லையாயின் அதையே முறைப்பாடாகப் பதியலாம். இத்துடன், 2023 டிசம்பர் 17ஆம் திகதி ஆரம்பிக்கப்பட்ட "யுக்திய" போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையின்போது தேடுதல் ஆணையின்றி வீடுகள் சோதனையிடப்பட்டதாக வந்த தகவல்கள் குறித்து ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகம் 2024 ஜனவரியில் கவலை வெளியிட்டதையும் நினைவிற் கொள்ளலாம்.

அறியாமை இருக்குமிடத்தில் மோசடியும் குடிபுகும். காவல் அதிகாரி எனக் கூறி காணொளி அழைப்பில் தோன்றி, போலிப் பிடியாணையைக் காட்டிப் பணம் பறிக்கும் "டிஜிட்டல் கைது" மோசடி இந்தியாவில் பரவியதை அடுத்து, 2024 ஒக்டோபரில் அந்நாட்டுப் பிரதமரே வானொலியில் மக்களை எச்சரித்தார். அத்தகைய கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. நமது சட்டத்திலும் பிடியாணையைத் தொலைபேசியில் நிறைவேற்றவோ, பணம் பெற்று இரத்துச் செய்யவோ எவருக்கும் அதிகாரமில்லை. வாட்ஸ்அப்பில் வரும் படத்தில் உள்ள நீதிமன்றப் பெயரையும் வழக்கிலக்கத்தையும் கொண்டு பதிவாளர் அலுவலகத்தில் விசாரித்தால் ஐந்து நிமிடத்தில் உண்மை வெளிப்படும். நீதிமன்ற வாசலில் நின்று "நான் பார்த்துச் சொல்கின்றேன்" என்று பணம் கேட்கும் தரகருக்குப் பதிவறையில் எந்த உரிமையும் இல்லை.

அவ்வாறாயின் பிடியாணைகள் யாவற்றையும் இணையத்தில் ஏற்றிவிடலாமா? அவசரப்பட்டு ஆம் என்று கூற நாம் தயாரில்லை. பிடியாணை என்பது குற்றத்தீர்ப்பு அன்று. அமெரிக்காவில் பகிரங்கப் பதிவுகளை அள்ளிச் சேர்த்துக் கட்டணத்துக்கு விற்கும் தனியார் தளங்கள் பெருகியுள்ளன. நீதிமன்றத்தில் முடிந்துபோன விடயம் அங்கு ஆண்டுக்கணக்கில் முடியாமல் கிடக்கின்றது. சிற்றூரில் இதன் விளைவு இன்னும் கொடியது. மகளுக்குச் சம்பந்தம் பேச வருவோர் முதலில் தட்டிப் பார்ப்பது அந்தப் பட்டியலாகவே இருக்கும். ஒரே பெயருடைய பத்துப் பேரில் எவரது பிடியாணை அது என்று அவர்கள் ஆராயப் போவதுமில்லை.

இந்தியா காட்டும் வழி ஓரளவு நிதானமானது. பொலிஸார் பதியும் முதல் தகவல் அறிக்கைகளை 24 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2016 செப்டெம்பரில் கட்டளையிட்டது. பாலியல் குற்றங்கள், பயங்கரவாதம் போன்ற உணர்வுபூர்வமான விடயங்களுக்கு அதில் விலக்கு அளிக்கப்பட்டது. இங்கு அதனினும் சிறியதொரு ஏற்பாடே போதுமானது. ஒவ்வொரு நீதவான் நீதிமன்றத்திலும், அடையாள அட்டையுடன் வரும் ஒருவருக்கு அல்லது அவரது சட்டத்தரணிக்கு, அவ்வட்டை இலக்கத்தின் கீழ் நாட்டின் எந்நீதிமன்றத்திலாவது பிடியாணை நிலுவையிலுள்ளதா என்று கூறும் ஒரு கருமபீடம் வேண்டும். பெயருக்குப் பதிலாக இலக்கம் என்றாகும்போது லெப்பையும் லெவ்வையும் பிரச்சினையாக மாட்டா. அதற்கு முதற்படி, வழக்குத் தாக்கல் செய்யும்போதே அடையாள அட்டை இலக்கத்தைக் கட்டாயமாகப் பதிவது. முறைப்பாட்டாளருக்கும், தாபரிப்புக் கோரும் பெண்ணுக்கும், தமது வழக்கின் பிடியாணை நிறைவேற்றப்பட்டதா என்று அதே கருமபீடத்தில் கேட்கும் உரிமை இருக்க வேண்டும். கல்முனை போன்றதொரு நீதிமன்ற நகரில் இதனைப் பரீட்சார்த்தமாக ஆரம்பிப்பதற்கு நீதியமைச்சுக்குப் புதிய சட்டம் எதுவும் தேவைப்படாது.

அது வரும் வரை கடதாசியே துணை. ஒரு பிடியாணை மன்றில் மீளப்பெறப்பட்டாலும், அச்செய்தி அதனை வைத்திருக்கும் பொலிஸ் நிலையத்தைச் சென்றடையத் தாமதமாகலாம். ஆகவே மீளப்பெற்ற கட்டளையின் சான்றுப்படுத்தப்பட்ட பிரதிகள் இரண்டைப் பதிவாளரிடமிருந்து அன்றே பெறுவது நல்லது. ஒன்றைக் குறித்த பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டமைக்குக் கையொப்பமும் திகதியும் வாங்க வேண்டும். மற்றையதைக் கடவுச்சீட்டுடன் சேர்த்துக் கட்டுநாயக்க வரை கொண்டு செல்ல வேண்டும்.